தண்டின் ஆலயங்கள் – 17: முப்பத்தாறு வயது முதல்வர்

1955-ல் பெங்களூர் மில்லர்ஸ் சாலையில் இருக்கும் ஐக்கிய இறையியல் கல்லூரிக்குத் திருச்சபை வரலாறு நடத்த ஒரு புது ஆசிரியர் வந்து சேர்ந்தார். பெயர் மைக்கேல் ஹாலிஸ். வயது ஐம்பதின் நடுவில். முந்தின வருடம்வரை அவர் சென்னை பிஷப். தென்னிந்தியத் திருச்சபையின் முதல் மாடரேட்டரும் அவரே. 1948 முதல் 1954 வரை, நான்கு மொழிகள் பேசும் ஒரு பெரிய சபைக்குத் தலைமை வகித்த மனிதர், இனிமேல் வகுப்புக்குப் போய்ப் பாடம் எடுக்க வேண்டும், மாணவர்களின் தாள்களைத் திருத்த வேண்டும். கல்லூரி முதல்வரோ அவரைவிடப் பத்தொன்பது வயது இளையவர்.

அந்த முதல்வர் ஜோஷுவா ரசல் சந்திரன். 1918 மே மாதம் பிறந்தவர், தென் திருவிதாங்கூர்க்காரர். இதே கல்லூரியில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்வந்து, இங்கேயே ஆசிரியரானவர். 1954-ல் அவரை முதல்வராக்கியபோது வயது முப்பத்தாறு. 1910-ல் கல்லூரி திறந்ததிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். கல்லூரியின் முதல் முதல்வர் டென்மார்க் நாட்டு மிஷனரி லார்சன். அவர் பொறுப்பேற்கும்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், சென்னையில் இருபது வருடம் கழித்திருந்தார், தமிழ் அவருக்குக் கைவந்திருந்தது. பிற்பாடு தமிழ் வேதாகமத்தைத் திருத்தும் குழுவுக்கே தலைமை தாங்கினார். அனுபவம் என்றால் இதுதான் அனுபவம் என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர் தொடங்கிவைத்த வரிசையில் முப்பத்தாறு வயதுக்காரர் ஒருவர் எப்படி வந்தார், பிஷப்பாக இருந்தவர் எப்படி அவரிடம் வந்து வேலை பார்த்தார் என்பது இந்த வாரம் பார்க்க வேண்டிய விஷயம். அதற்கு இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் பெங்களூரை விட்டு வெளியேயும் போக வேண்டும்.

அதற்கு முன்னால் விதிகள். சபைத் தலைவருக்கு என்ன வயது இருக்க வேண்டும் என்று வேதாகமத்தில் தேடினால் கையில் கிடைப்பது குறைவு. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் கண்காணியின் தகுதிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஒரே மனைவி, குடிவெறி கூடாது, பண ஆசை கூடாது, வீட்டை ஒழுங்காக நடத்தத் தெரிய வேண்டும், விசுவாசத்துக்கு வந்து சில நாளே ஆனவராக இருக்கக் கூடாது, வெளியாரிடமும் நல்ல பெயர் வேண்டும். வயது மட்டும் இல்லை. இதே நிருபத்தைப் பெற்ற தீமோத்தேயு இளைஞர். இளமையைக் காட்டி யாரும் உன்னை அற்பமாக நினைக்க விடாதே என்ற பொருளில் அவருக்கு ஒரு புத்திமதியும் அதில் உண்டு. அந்த நிருபத்தில் எண்ணாக வரும் வயது ஒன்றே ஒன்று: சபையின் விதவைகள் பட்டியலில் சேர்க்கப்படும் பெண்ணுக்கு அறுபது ஆகியிருக்க வேண்டும். இது ஏன் என்று பிறகு கேட்போம்.

எண்ணை வைத்தது பிற்காலம். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியோசெசரியாவில் கூடிய சங்கம், முப்பது வயதாகாதவரை எவ்வளவு தகுதி இருந்தாலும் குருவாக்க வேண்டாம் என்று விதித்தது. இயேசு ஞானஸ்நானம் பெற்றுப் போதிக்கத் தொடங்கியது முப்பதில் என்பது காரணம். அந்த விதிக்குக் குறுக்கே நடந்தவையும் உண்டு. அதே நூற்றாண்டில், 374-ல், மிலான் நகரத்து ஆளுநர் அம்புரோஸ் இன்னும் ஞானஸ்நானமே பெறாதவர். ஜனங்கள் பிடிவாதமாகக் கேட்டதால் சில நாட்களுக்குள் ஞானஸ்நானமும் வாங்கி, குருப் பட்டமும் வாங்கி, பிஷப்பும் ஆனார். புதிதாய் வந்தவர் கூடாது என்ற பவுலின் நிபந்தனை அங்கே காற்றில் பறந்தது. ஆனால் ஒரு மாகாணத்தை ஆண்ட அனுபவம் அவருக்கு இருந்தது, ஜனங்களுக்கு அது போதுமாக இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபை பின்னாளில் தன் பொது ஜெபப் புத்தகத்தில் உதவிக்குருவுக்கு 23, குருவுக்கு 24, பிஷப்புக்கு 30 என்று நிர்ணயித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் ஆங்கிலிக்கன் சபைக்கு இதுவே சட்டம். இந்த முப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

தமிழ்நாட்டில் கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்து, அங்கிருந்த மிஷனரி சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனவருக்கு 1733 டிசம்பர் 28-ல் குருப் பட்டம் கொடுத்தார்கள். இந்தியப் புராட்டஸ்டண்டுகளில் முதல் குரு. முப்பத்தைந்தை ஒட்டிய வயது. அதற்குமுன் ஆசிரியராகவும் உபதேசியாராகவும் பல வருடம் உழைத்திருந்தார். ஊர் ஊராக நடந்தவர், ஜனங்கள் அறிந்தவர். யாரும் குறை சொல்ல இடமில்லாத தேர்வு.

அடுத்த தேர்வில் குட்டு வெளிப்பட்டது. தஞ்சாவூர் அரசுப் படையில் இருந்த ராஜநாயக்கன் என்பவர் தானாகவே வேதாகமம் படித்து, மிஷனைத் தேடி வந்து, தஞ்சாவூர்ச் சீமையில் உபதேசியாரானார். போர்வீரராக இருந்ததால் அதிகாரிகளோடு பேசத் தெரியும், அடி வாங்கவும் தெரியும். சபைகளைக் கட்டியதில் அவரை மிஞ்சியவர் அன்று இல்லை. 1741-ல் இரண்டாவது குருவைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரத்தில் அவர் பெயரும் எழுந்தது. ஆனால் அவர் பறையர் குலத்தில் பிறந்தவர். அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வரமாட்டார்கள் என்ற அச்சத்தில் தியோகு என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ராஜநாயக்கன் 1771-ல் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல், உபதேசியாராகவே இருந்தார். வயதும் அனுபவமும் தலைமைக்குத் தகுதி என்று சபை மனதார நம்பியிருந்தால் தமிழ்நாட்டின் இரண்டாவது குரு அவராகத்தான் இருந்திருப்பார். அனுபவத்தை எண்ணுகிற கை யாருடையது என்பதே முடிவைத் தீர்மானித்தது. இந்தத் தொடரில் இதற்குப் பின் வரும் எல்லாத் தேர்வுகளையும் இந்த ஒரு தேர்வை வைத்துத்தான் நான் அளக்கிறேன்.

பெங்களூருக்கு வருவோம். 1809-ல் தண்டு (கண்டோன்மெண்ட்) அமைந்தபின் படையோடும் படைக்கு வேலை செய்யவும் தமிழர்கள் வந்து குவிந்தார்கள் என்று முன்பே பார்த்தோம். 1820-ல் லண்டன் மிஷன் இங்கே கால் வைத்தது. அந்த மிஷனின் தமிழ்ச் சபையை 1820களில் மேய்த்தவர் சாமுவேல் பிளேவல். இந்துவாகப் பிறந்து வளர்ந்து, வாலிபத்தில் கிறிஸ்தவரான தமிழர். பெயரைப் பார்த்து இங்கிலீஷ்காரர் என்று நினைத்துவிட வேண்டாம், ஆங்கிலப் பியூரிட்டன் போதகர் ஒருவரின் பெயரை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். பின்னாளில் பெல்லாரிக்குப் போய் 1847-ல் அங்கேயே இறந்தார். இவரைப் போன்றவர்களுக்கு வாழ்க்கைதான் குருமடம். கட்டடத்தோடும் நூலகத்தோடும் கல்லூரி ஒன்று இந்த ஊருக்கு வர இன்னும் தொண்ணூறு வருடம் பாக்கி இருந்தது.

பிளேவல் போன்றவர்கள் விதிவிலக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கத் தென்னிந்தியச் சபைகளைத் தாங்கியது உபதேசியார் என்ற ஏற்பாடு. கிராமத்தில் பள்ளிக்கூடம் நடத்துவது, ஞாயிறு ஆராதனை, சாவு, கல்யாணம், நிலத் தகராறு, சாதித் தகராறு எல்லாம் அவர் தலையில். திருவிருந்து கொடுக்க மட்டும் பட்டம் பெற்ற ஒருவர் மாட்டுவண்டியில் வர வேண்டும். உபதேசியார் பத்து, இருபது வருடம் உழைத்து, தகுதியானவர் என்று மிஷனரி எழுதினால் குருப் பட்டம் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். அந்த மிஷனரியோ பல நேரம் இருபத்தைந்து வயதில் கப்பலிலிருந்து இறங்கியவர். இரண்டு வருடம் முன்ஷியிடம் தமிழ் படித்து, மிஷன் பரீட்சை எழுதி முடித்ததும் ஒரு வட்டாரம் முழுவதும் அவர் பொறுப்பு. ஐம்பது வயது உபதேசியாரின் சம்பளம், இடமாற்றம், ஒழுக்கச் சான்று எல்லாம் அவர் பேனாவில். உபதேசியார் எழுந்து நின்று ‘ஐயா’ என்பார். அந்த ஐயாவுக்கு மீசை முளைத்து அதிக நாள் ஆகியிருக்காது. இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்த வாசகம், இந்தியச் சபை இன்னும் முதிர்ச்சியடையவில்லை என்பது. ஒரு ஆளைப் பார்த்து நீ சின்னவன் என்பது வேறு. இங்கே ஒரு ஜனத்தையே சின்னவர்கள் என்றார்கள். அந்தச் சின்னப் பிராயம் எப்போது முடியும் என்று யாரும் தேதி குறிக்கவில்லை.

தேதியைக் குறித்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874 ஆகஸ்ட் 17-ல் ஒரு கிராமக் குருவின் மகனாகப் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். இருபத்தொன்றாம் வயதில் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். தென்னிந்தியா முழுக்க ரயிலில் சுற்றி, வாலிபர்களைக் கூட்டி, பேசி, கணக்கெழுதி, சங்கம் நடத்திப் பழகியவர். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தக் காசில் ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்துத் திரும்பி, மறு வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். 1905-ல் தேசிய மிஷனரி சங்கம். குருப் பட்டம் மட்டும் கிடையாது. 1909-ல்தான் உதவிக்குரு ஆனார், தன் சங்கத்தின் ஊழியராக நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல் என்ற தெலுங்கு கிராமத்துக்குப் போனார். 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், மிஷனரிகள் செய்த தியாகங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு இனி வேண்டியது உங்கள் நட்பு என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். சபையில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அப்போது அவருக்கு முப்பத்தைந்து.

இவரை பிஷப்பாக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் சென்னை பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட். தத்துவ அறிஞர் ஏ.என். ஒயிட்ஹெட்டின் அண்ணன் அவர். எதிர்ப்பு பலமாக இருந்தது. மிஷனரிகளில் பலருக்கு, இந்தியருக்குக் கீழே ஐரோப்பியர் வேலை செய்வதா என்ற கவலை. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினருக்குச் சாதிக் கவலை. அசரியா நாடார். அனுபவம் போதாது என்பது இந்த இரண்டு கவலைகளுக்கும் வசதியான மேலாடை. அவர் குருவாகி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது என்பது உண்மை, ஒரு பெரிய சபையைக் குருவாக மேய்த்ததில்லை என்பதும் உண்மை. ஆனால் பதினான்கு வருடம் தென்னிந்தியா முழுக்க அலைந்தது எந்தக் கணக்கில் சேரும்? இரண்டு மிஷனரி சங்கங்களைச் சொந்த நாட்டுக் காசில் எழுப்பியது? அந்த வேலையை ஒரு ஸ்காட்லாந்துக்காரர் செய்திருந்தால் வாழ்க்கை வரலாறே எழுதியிருப்பார்கள். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா புனித பவுல் ஆலயத்தில் அவர் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். வயது முப்பத்தெட்டு. சட்டம் கேட்ட முப்பதைவிட எட்டு வருடம் கூடுதல். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப். 1945 ஜனவரி 1-ல் இறக்கும்வரை முப்பத்திரண்டு வருடம் அந்தப் பதவியில் இருந்தார். அத்தனை காலத்திலும் ஒரு பேராயத்துக்குத் தலைவராக வேறொரு இந்தியரை ஆங்கிலிக்கன் சபை வைக்கவில்லை. சோதனை வெற்றி பெற்றது என்று எல்லோரும் பாராட்டினார்கள், மறுபடி செய்து பார்க்கத்தான் மனம் வரவில்லை.

இப்போது 1947 செப்டம்பர் 27-க்கு வாருங்கள். சென்னை புனித ஜார்ஜ் ஆலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்த நாள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபுகள் ஒன்றாயின. அன்று ஒன்பது பேர் புதிதாக பிஷப் ஆனார்கள். அவர்களில் ஒருவர் மதுரை-ராமநாதபுரத்துக்குப் போன லெஸ்லி நியூபிகின். ஸ்காட்லாந்து மிஷனிலிருந்து 1936-ல் சென்னை வந்தவர். வந்த கொஞ்ச காலத்திலேயே பஸ் விபத்தில் கால் முறிந்து ஊர் திரும்பி, மறுபடி 1939-ல் வந்து காஞ்சிபுரத்தில் வேலை பார்த்தவர். தமிழ் நன்றாகக் கற்றவர், கூர்மையான புத்தி, பிற்காலத்தில் உலகம் அறிந்த இறையியலாளர். அவர் தகுதியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்று அவருக்கு வயது முப்பத்தேழு, இந்தியாவில் அனுபவம் இடைவெளியைக் கழித்தால் பத்து வருடம்கூட இல்லை. அசரியாவைவிட ஒரு வயது குறைவு. 1912-ல் எழுந்த கூச்சலில் பத்தில் ஒரு பங்குகூட 1947-ல் எழவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் சபைகளின் மனம் பக்குவப்பட்டிருந்தது என்று சொல்லலாம். தோலின் நிறம் பார்த்து வயது கணக்கிடும் பழக்கம் மிச்சமிருந்தது என்றும் சொல்லலாம். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும்.

ஹாலிஸ் இதையெல்லாம் உள்ளே இருந்து பார்த்தவர். 1931-ல் வந்து நாசரேத்தில் உள்ளூர்ப் போதகர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், நடுவில் இங்கிலாந்தில் சில வருடம், 1942-ல் சென்னை பிஷப். 1954-ல் பதவியை விட்டபோது அவருக்கு ஓய்வு பெறும் வயது ஆகவில்லை. அவர் விட்ட இடத்துக்கு டேவிட் செல்லப்பா வந்தார், சென்னைக்கு முதல் இந்திய பிஷப். ஹாலிஸ் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறவில்லை, பெங்களூருக்கு ரயில் ஏறினார். 1960 வரை மில்லர்ஸ் சாலையில் பாடம் நடத்தினார். பிறகு 1962-ல் தென்னிந்தியச் சபை வரலாற்றைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் மையமே மிஷனரிகளின் தகப்பன் மனப்பான்மைதான். பணம், பதவி, சொத்து, முடிவெடுக்கும் உரிமை எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை இன்னும் வளரவில்லையே என்று கவலைப்பட்ட தகப்பன்மார் பற்றிய புத்தகம். பிஷப் நாற்காலியில் இருந்தபடியே எழுதியிருந்தால் அது ஒரு நல்ல சுற்றறிக்கையாக இருந்திருக்கும். பத்தொன்பது வயது இளைய இந்திய முதல்வரிடம் ஐந்து வருடம் ஆசிரியராக இருந்துவிட்டு எழுதியதால் அதற்குத் தனி எடை.

ரசல் சந்திரனிடம் என்ன அனுபவம் இருந்தது? சபை மேய்த்த காலம் கொஞ்சம். படிப்பு ஏராளம். 1947-க்குப் பிறகு ஒரு கல்லூரியை ஓட்ட இன்னொரு அனுபவம் தேவைப்பட்டது: ஐந்தாறு மரபுகளிலிருந்து வந்த ஆசிரியர்களை, நாலு மொழி பேசும் மாணவர்களை, பணம் அனுப்பும் வெளிநாட்டுச் சங்கங்களை ஒரே மேசையில் உட்கார வைக்கும் திறமை. அது அவருக்கு இருந்தது. உலகத் திருச்சபை மாமன்றத்தின் மத்தியக் குழுவுக்குத் துணைத் தலைவர், மூன்றாம் உலக இறையியலாளர் சங்கத்துக்கு முதல் தலைவர் என்று பின்னாளில் அவர் போன உயரங்கள் அதைக் காட்டின.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. முப்பத்தாறில் ஏறியவர் 1983-ல் அறுபத்தைந்தில்தான் இறங்கினார். இருபத்தொன்பது வருடம். இங்கே படித்துக் குருவாகி, தன் மகனையும் இங்கே சேர்த்த ஒருவர், மகனுக்கும் அதே முதல்வர் என்று கண்டிருக்கக்கூடும். அசரியாவுக்கு முப்பத்திரண்டு வருடம், சந்திரனுக்கு இருபத்தொன்பது. இளம் வயதில் தலைமை கொடுத்தால் அடுத்த தலைமுறையின் இளைஞனுக்கு அந்த வாசல் அடைத்துப்போகிறது. முதுமையில் கொடுத்தால் ஐந்தாறு வருடத்தில் மாறிக்கொண்டே இருக்கும். இதில் எது நல்லது என்று கேட்டால், நல்ல ஆளாக இருந்தால் முதலாவது, இல்லாவிட்டால் இரண்டாவது என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை.

அதே மில்லர்ஸ் சாலை வட்டாரத்தில் வேறு மாதிரிக் கணக்குகளும் நடந்தன. பி.டி. தேவானந்தன், சென்னையில் பிறந்தவர், 1932 முதல் 1949 வரை இந்தக் கல்லூரியில் மத வரலாறும் தத்துவமும் நடத்தியவர். வருங்காலக் குருமாரைப் பதினேழு வருடம் பயிற்றுவித்தவருக்கு அப்போது குருப் பட்டம் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டித்தான் அதைப் பெற்றார். 1957-ல் அவர் பெங்களூரில் தொடங்கிய மத-சமூக ஆய்வு நிறுவனத்தில் துணையாக இருந்தவர் கேரளத்து எம்.எம். தாமஸ். 1943-ல் தாமஸ் ஒரே காலத்தில் இரண்டு விண்ணப்பம் போட்டார்: மார்த்தோமா சபையில் குருப் பட்டத்துக்கும், கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராவதற்கும். மார்க்சியம் பேசுகிறவர் என்று சபை மறுத்தது, கிறிஸ்தவர் என்று கட்சி மறுத்தது. கடைசிவரை பட்டம் இல்லாமலே இருந்து, 1968 முதல் 1975 வரை உலகத் திருச்சபை மாமன்றத்தின் மத்தியக் குழுத் தலைவராக இருந்தார், 1990-ல் நாகாலாந்து ஆளுநருமானார். சபை கைவிட்ட அனுபவம் வீணாகவில்லை. வேறு வாசலால் உள்ளே வந்தது.

கத்தோலிக்கர் பக்கம் விதிகள் தெளிவானவை. 1917-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு ஆயருக்கு முப்பது வயதும், குருவாகி ஐந்து வருடமும் கேட்டது. 1983-ம் ஆண்டுத் தொகுப்பு அதை முப்பத்தைந்தாக்கியது. பெங்களூரில் அந்த 1917-ம் ஆண்டுச் சட்டத்துக்கு நல்ல உதாரணம் துரைசாமி சைமன் லூர்துசாமி. 1924 பிப்ரவரி 5-ல் தென்னார்க்காட்டுக் கல்லேரியில் பிறந்தவர். 1951-ல் பாண்டிச்சேரி மறைமாவட்டத்துக்குக் குரு. ‘சர்வவியாபி’ கத்தோலிக்க வார இதழின் ஆசிரியர். 1962-ல் பெங்களூருக்குத் துணை ஆயர், வயது முப்பத்தெட்டு. அசரியாவின் அதே வயது, ஆனால் அரை நூற்றாண்டு கழித்து, யாரும் முகம் சுளிக்காமல். வந்த சில வாரங்களில் ரோமில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. 1968-ல் பேராயர். பெங்களூருக்கும் பாண்டிச்சேரிக்கும் உறவு பழையது, மல்லேஸ்வரத்தில் உள்ள புனித பேதுரு குருமடமே 1934-ல் பாண்டிச்சேரியிலிருந்து இங்கே மாறி வந்ததுதான்.

லூர்துசாமியின் தம்பி அமலோர்பவதாஸ் 1967-ல் இதே ஊரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கினார். அவருக்கு அப்போது முப்பத்தைந்தை ஒட்டிய வயது. பூசையில் செருப்பைக் கழற்றுவது, ஆரத்தி எடுப்பது, பஞ்சாங்கப் பணிவு என்று பன்னிரண்டு மாற்றங்களுக்கு 1969-ல் ரோம் ஒப்புதல் கொடுத்ததன் பின்னால் அவர் உழைப்பு இருந்தது. அண்ணன் கர்தினால் வரை போனார், தம்பி ஆயராகக்கூட ஆகவில்லை. கத்தோலிக்க இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமையை மாற்றியதில் யார் பங்கு பெரிது என்று கேட்டால் தம்பி பக்கம்தான் என் வாக்கு. 1990-ல் சாலை விபத்தில் அவர் இறந்தார்.

பேராயராகி மூன்றே வருடத்தில், 1971-ல், லூர்துசாமியை ரோம் அழைத்துக்கொண்டது. அவருக்குப் பின்னும் தமிழ் பேசும் பேராயரே வந்தார். கன்னடக் கத்தோலிக்கர்கள் வேறொரு தகுதியைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்: வயதும் படிப்பும் இருக்கட்டும், இந்த மண்ணில் வாழ்ந்த அனுபவம் எங்கே, எங்கள் மொழியில் பாவசங்கீர்த்தனம் கேட்கத் தெரியுமா? தமிழர்களாகிய நமக்கு இதைக் கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் அசரியா எடின்பரோவில் எழுப்பிய வழக்கின் இன்னொரு கிளைதான் அது. இம்முறை நாம் நாற்காலியில் இருந்தோம். மொழிச் சண்டையின் பிந்தைய கதை நீண்டது, அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

ஏறும் வயதைப் போலவே இறங்கும் வயதும் இந்தக் காலத்தில்தான் எண்ணானது. ஆயர்கள் எழுபத்தைந்தில் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது வத்திக்கான் சங்கத்தை ஒட்டி, 1966-ல் வந்த விதி. 1970-ல் ஆறாம் பவுல், எண்பதைத் தாண்டிய கர்தினால்கள் போப் தேர்தலில் வாக்களிக்க முடியாது என்று விதித்தார். வயது முதிர முதிர ஞானம் கூடும் என்று பத்தொன்பது நூற்றாண்டு சொல்லிவந்த சபை, ஒரு நாளில் பிறந்த தேதியைப் பார்த்துக் கதவைச் சாத்தியது. 2005 ஏப்ரலில் அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் கூடியபோது லூர்துசாமிக்கு எண்பத்தொன்று. ரோமின் மறைபரப்புப் பேராயத்திலும் கீழைத் திருச்சபைகளின் பேராயத்திலும் இருபது வருடம் வேலை பார்த்த அனுபவம் சிஸ்டைன் ஆலயத்துக்கு வெளியே நின்றது. 2014-ல் அவர் காலமானார்.

தென்னிந்தியத் திருச்சபையில் இதே விஷயம் அவ்வளவு அமைதியாக நடக்கவில்லை. ஓய்வு வயதை அறுபத்தேழிலிருந்து எழுபதாக்க 2022-ல் சினாடு கொண்டுவந்த திருத்தம் வழக்காகி, சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போனது. இரண்டு தரப்பும் அனுபவத்தைப் பற்றித்தான் பேசின: ஒரு தரப்பு அதைக் காப்பாற்ற வேண்டும் என்றது, மறு தரப்பு அது போதும் என்றது.

இந்த அத்தியாயம் முழுக்க ஆண்களின் வயது. அறுபது வயது விதவை என்று பவுல் எண் குறித்ததை முன்பே சொன்னேன். ஆணுக்குக் குணம் போதும், பெண்ணுக்குப் பிறந்த வருடமும் வேண்டும் என்ற பழக்கம் அன்றிலிருந்தே இருக்கிறது. தண்டின் தெருக்களில் மிஷன் கொடுத்த சொற்பச் சம்பளத்துக்கு வீடு வீடாகப் போன பைபிள் பெண்கள், பலர் விதவைகள், இருபது முப்பது வருடம் உழைத்தார்கள். பிரசவம் முதல் சாவு வரை அவர்கள் பார்க்காத வீடு இல்லை. எந்தக் குருவுக்கும் கிடைக்காத அனுபவம் அது. அவர்களில் ஒருவரைக்கூடப் பீடத்துக்கு அழைக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் முதல் பெண் குருவுக்குப் பட்டம் கிடைத்தது 1976-ல். முதல் பெண் பிஷப் புஷ்ப லலிதா 2013 செப்டம்பரில் ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்துக்கு அபிஷேகம் பெற்றார். குருவாக ஏறக்குறைய முப்பது வருடம் வேலை பார்த்திருந்தார். நியூபிகின் பிஷப் ஆன வயதைவிட அவருக்கு ஏறக்குறைய இருபது வயது கூட.

பைபிள் பெண்களின் கதை அடுத்த வாரம்.